கிட்டங்கியும் எலியும்

வாணிகஞ் செய்வோர் தம் பண்டங்களுக்குத் தீயாலும் நீராலும் கள்வராலும் வரக்கூடிய கேட்டை முன்னரே எண்ணிக் காப்புறுதி செய்வர். வாயிலிற் பூட்டும் இராக்காவலும் வைப்பர். ஆனால் ஆண்டு முழுவதும் ஒருநாளும் ஓய்வின்றி அதே கிட்டங்கியிற் புகுந்து, உண்டும் கொறித்தும் கழித்தும் செல்லும் எலிக்கு எதிராக அவர் செய்வது யாது? ஒரு பொறி வைப்பர். அது பயன்படாதபோது ஒரு பூனையை வளர்ப்பர். அதுவும் பயன்படாதபோது நஞ்சிடுவர். எலி எவ்வழியாக உள்ளே வந்தது என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. இவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவர் பொறி செய்பவருமல்லர், நஞ்சு விற்பவருமல்லர், கொத்தனாரும் தச்சருமேயாவர்.

எலி தின்பதனால் வரும் இழப்புச் சிறிதென்றே பலர் கருதுவர். வளர்ந்த எலியொன்று ஒருநாளில் தன் உடல்நிறையிற் பத்திலொரு பங்கு அளவே உண்ணும் என்பது உண்மைதான். ஆயினும் அது தின்பதிலும் கெடுப்பதே அதிகம். சாக்கின் மூலையில் அது அறுத்த துளை வழியாக மூடையின் அரிசி நிலத்தில் ஒழுகும். ஒழுகியதில் அதன் சிறுநீரும் எச்சமும் மயிருங் கலக்கும். மின்கம்பியின் உறையைக் கொறித்துத் தீவிபத்துக்கு வழிசெய்வதும் உண்டு. உணவுப்பண்டமே இல்லாத புத்தகசாலையும் துணிக்கடையுங்கூட இதற்குத் தப்பா. ஏனெனில், எலி கொறிப்பது பசியினால் மட்டுமன்று. அதன் வெட்டும்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. தேய்ந்தாலன்றி அவை அளவோடு நில்லா. அப்பற்களின் முன்புற மிளிரி மிக வலியது. மரம், ஈயக்குழாய், இறுகாத சாந்து, தரங்குறைந்த செங்கல் ஆகியன அதற்குத் தடையாகமாட்டா.

கட்டடங்களிற் புகும் எலிகள் ஓரினத்தன அல்ல என்பதை முதலில் அறிதல் வேண்டும். நம் நாட்டில் மிகப் பெருவழக்காகக் காணப்படுவது வீட்டெலி. இது மரமேறும் இயல்பினது; முகட்டிலும் வளைகளிலும் கூடுகட்டும்; தென்னைமரங்களைச் சுற்றித் தகரப்பட்டை அடிப்பது இதன் பொருட்டே. துறைமுக நகரங்களின் வடிகால்களில் வாழ்வது பருத்த உடலும் குறுகிய வாலும் உடைய பிறிதோரினம். இதனை மேனாட்டார் நோர்வே எலி என்பர். நோர்வேக்கும் இதற்கும் பிறப்புத் தொடர்பு ஏதுமில்லை, இதன் தாயகம் கிழக்காசியா. பெருச்சாளி அத்திவாரத்தின் அடியில் வளைதோண்டும். சுண்டெலியோ நீரின்றியும் நெடுநாள் வாழவல்லது. தானிய மூடையினுள்ளேயே குடியிருந்து குடும்பம் பெருக்கும். மூஞ்சூற்றையும் எலியென எண்ணிக் கொல்லுவாருளர். விநாயகப் பெருமானின் ஊர்தியைச் சிலர் மூஞ்சூறென்றும் சிலர் பெருச்சாளியென்றும் கூறுவர். அவ்வழக்கு எவ்வாறாயினும், உயிரியலார் கருத்துப்படி மூஞ்சூறு எலிக்கு உறவினதன்று. அது பூச்சி தின்னும் வேறோரினம். கடைக்காரர் வைத்த பொறியில் மூஞ்சூறு அகப்பட்டால், கரப்பான் தின்னும் ஒரு நண்பனை அவர் இழந்தாரென்பதே பொருள்.

இவ்வேறுபாட்டை வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. வீட்டெலி மேலிருந்து வருவது. நோர்வே எலியும் பெருச்சாளியும் கீழிருந்து வருவன. சுண்டெலி பெரும்பாலும் பண்டத்தோடு வாயில் வழியாகவே வருவது. கூரையை அடைத்து நிலத்தை விட்டவரும், நிலத்தைச் சீமெந்திட்டுக் கூரையை விட்டவரும் தம் பணத்திற் பாதியை வீணாக்கினவராவர்.

எலியை வெளியே நிறுத்துதல் வெறுஞ் செலவுக்கணக்கன்று, உயிர்க்கணக்கு என்பதைக் கொழும்பு நகரம் 1914ஆம் ஆண்டில் அறிந்தது. அதன் முன்வரலாறு சிறிது கூறத்தக்கது. 1894இல் ஹொங்கொங்கிற் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் பரவியபோது, யெர்சின் என்னும் அறிஞர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். 1896இல் நோய் பம்பாயை அடைந்தது. 1898இல் கராச்சியிற் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் போல் லூயி சீமொன், எலியிலிருந்து எலிக்கும் எலியிலிருந்து மனிதனுக்கும் அக்கிருமியைக் கொண்டுசெல்வது தெள்ளுப்பூச்சியே என எடுத்துக்காட்டினார். அறிஞருலகம் அவர் கூற்றை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இந்தியாவிற் பிளேக்கு ஆராய்ச்சிக்குழுவினர் 1905ஆம் ஆண்டு தொடக்கம் செய்த சோதனைகளே அதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவின. எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதனை விட்டு நீங்கும். வேறு எலி கிட்டாதபோது மனிதனைக் கடிக்கும். இதுவே அந்நோய் வரும் வழி.

பம்பாயிலும் இரங்கூனிலும் பிளேக்கு நிலைகொண்டிருந்த அவ்வாண்டுகளில், அந்நாடுகளோடு இடையறாத அரிசி வாணிகஞ் செய்துவந்த கொழும்பு 1914 வரை அதற்குத் தப்பியிருந்தது வியப்புக்குரியதே. அவ்வாண்டின் தொடக்கத்தில் நோய் வெளிப்பட்டது. அப்போது கொழும்பு நகரின் நுண்ணுயிரியலறிஞராக இருந்தவர் பேபியன் ஹேர்ஸ்ற் என்பவர். நகரின் எலிகளைப் பிடித்து அவற்றின் தெள்ளுகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் வைத்து இனம்பிரிக்கும் சலிப்பான வேலையை அவர் மேற்கொண்டார். அதன் பயன் பெரிது. அதுவரை ஓரினமாகக் கருதப்பட்ட எலித்தெள்ளு உண்மையில் ஈரினமாகக் காணப்பட்டது. எகிப்திய மன்னன் கியோப்சின் பெயரைத் தாங்கிய சீயோப்பிஸ் என்னும் இனமே பிளேக்கைத் திறம்படப் பரப்புவது. கொழும்பில் எங்கும் மலிந்திருந்ததோ அஸ்ற்றியா என்னும் மற்றையது, அது நோய் பரப்புவதில் வலிகுன்றியது. அங்ஙனமாயின் நோய் எவ்வாறு வேரூன்றியது? சீயோப்பிஸ் இனம் நகரின் ஒரு பகுதியில் மட்டும் வாழ்ந்தது. அப்பகுதி புறக்கோட்டையை அடுத்த தானியக் கிட்டங்கிகள் நிறைந்த பகுதியே.

இதன் காரணத்தை நோக்குமிடத்துக் கட்டடத்துக்கும் நோய்க்குமுள்ள உறவு தெளிவாகும். தெள்ளின் புழு எலியின் உடலில் வளர்வதன்று. தரையிலுள்ள தூசியிலும் தவிட்டிலும் வளர்வது. தானியப்பொடி நிறைந்த, வெடிப்புற்ற, இருண்ட கிட்டங்கித் தரை அதற்குத் தொட்டிலாயிற்று. இந்தியாவிலிருந்து வந்த தானியச் சரக்கோடு அத்தெள்ளு வந்து, தான் விரும்பிய தொட்டிலை இங்கே கண்டுகொண்டது. ஹேர்ஸ்ற் பிற்காலத்தில், 1953இல், பிளேக்கு வெல்லப்பட்ட வரலாற்றை ஒரு பெருநூலாக எழுதி வெளியிட்டார். உலகம் போற்றிய அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதி நம் நாட்டுக் கிட்டங்கிகளின் குப்பையிலிருந்து பிறந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

தெள்ளுக்கு மனிதரில் உயர்வு தாழ்வு தெரியாது. எனினும் அது கடிப்பது அருகில் இருப்பவரை. கிட்டங்கிக்கு உரியவர் கணக்கெழுதும் மேசையருகே பகலில் அமர்வார். மூடை சுமக்கும் நாட்டாமையோ அச்சாக்குகளைத் தோளிலும் தலையிலும் தாங்குபவர். எலியை விலக்காத கட்டடத்தின் விலையை அதனைக் கட்டியவர் கொடுப்பதில்லை. பிளேக்கு இலங்கையை விட்டகன்று பல்லாண்டுகளாயினும் இவ்வுண்மை அகலவில்லை. எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சலின் கிருமியை 1915இல் யப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். 2008இல் நம் நாட்டில் அந்நோயின் ஐயத்துக்குள்ளானோர் 7,000க்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலார் வயலில் உழைப்போர் என்பது உண்மையே. ஆயினும் எலி சிறுநீர் கழித்த ஈரத்தரையில் வெறுங்காலோடு நடப்பவருக்கு நகரிலும் அவ்வச்சம் உண்டு.

எலியைக் கொல்லுதலே தீர்வென எண்ணிய ஆட்சியாளர் பட்ட பாடு நகைப்புக்கும் இரக்கத்துக்கும் உரியது. 1902இல் ஹனோய் நகரில் பிரெஞ்சு ஆட்சியினர், எலியொன்றைக் கொன்று வாலைக் கொணர்வோர்க்குப் பணம் தருவதாக அறிவித்தனர். வால்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன; எலிகள் குறையவில்லை. வாலில்லா எலிகள் நகரில் ஓடித்திரிவதைக் கண்ட பின்னரே, மக்கள் வாலை அறுத்துக்கொண்டு எலியை மீண்டும் இனம்பெருக்க விட்டுவிடுகின்றனர் என்பது வெளிப்பட்டது. புறநகரிற் சிலர் எலிப்பண்ணையே நடத்தினராம்! எலிக்கு விலை வைத்தால் எலி ஒரு பயிராகும் என்பதை ஆட்சியாளர் எண்ணிப்பார்த்திலர்.

அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் 1940களில் நடந்த ஆராய்ச்சி இதனை வேறொருவாறு விளக்கிற்று. ஒரு தெருத்தொகுதியின் எலிகளை நஞ்சிட்டுப் பெரும்பாலும் அழித்தபின், எஞ்சியவை இனம்பெருக்கிப் பழைய எண்ணிக்கையையே மீண்டும் அடைந்தன. குப்பையை ஒழுங்காக அகற்றி, ஒளிவிடங்களை நீக்கிய தெருக்களிலோ எலிகள் குறைந்தவாறே நின்றன. ஓர் இடத்தில் எத்தனை எலிகள் வாழும் என்பதை அறுதியிடுவது அங்குள்ள உணவும் உறைவிடமுமே. பெண்ணெலி மூன்று வாரங்களிற் கருவுயிர்க்கும். அதன் குட்டிகள் இரண்டு மூன்று மாதங்களில் தாமும் ஈனும். இவ்விரைவோடு பொறி போட்டியிடல் அரிது.

நஞ்சுக்கும் எல்லையுண்டு. எலி ஐயவுணர்வு மிக்க உயிர்; தன் வழியிற் புதிதாக வைக்கப்பட்ட எப்பொருளையும் சில நாள் தீண்டாது; சிறிது தின்று நோயுற்றால் அவ்வுணவை மறுபடி நாடாது. 1948இல் விற்பனைக்கு வந்த வார்பரின் என்னும் மருந்து, குருதி உறைதலை மெல்லமெல்லத் தடுத்துக் கொல்வதனால் இவ்வையத்தை வென்றது. ஆனால் பத்தாண்டு கழியுமுன்னரே, 1958இல், ஸ்கொத்லாந்தில் அதற்கு அசையாத எலிகள் காணப்பட்டன. அன்றியும் நஞ்சுண்ட எலி சுவரிடையிலோ பொய்க்கூரையினுள்ளோ சென்று மடிந்து நாறும். உணவு விற்கும் கடையினுள்ளே நஞ்சுணவை ஆங்காங்கு இடுவது எத்தகைய அறிவுடைமை என்பதையும் எண்ணுதல் வேண்டும். இக்காலத்தில் விற்கப்படும் ஒலிக்கருவிகளோ, சில நாளில் எலிக்குப் பழகிவிடும் இரைச்சலேயன்றி வேறல்ல.

பூனையைப் பற்றி ஒரு சொல். எலி மலிந்த இடத்திற் பூனையை விட்டு அவற்றை ஒழித்தல் இயலாது. எலிகளை முன்னரே அகற்றிய இடத்திற் பூனை இருப்பின் அவை மீண்டும் குடியேறுவது தடைப்படும் என்பது இங்கிலாந்திற் பண்ணைகளிற் செய்த ஆராய்ச்சியின் முடிவு. அப்பூனைகளுக்குப் பால் வைக்கவேண்டியிருந்தது என்பதும் அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதி. பசித்த பூனை நன்றாக வேட்டையாடும் என்று அதற்கு உணவிடாத கடைக்காரர், அது அயல்வீட்டுக்குப் போய்விடுவதையே காண்பர்.

ஆகவே எலி புகாத கட்டடமே வேண்டப்படுவது. இக்கருத்துப் புதியதன்று. நெல்லிடும் பிஸ்ஸவைச் சிங்கள உழவர் கற்களின் மீது உயர்த்திக் கட்டினர். இங்கிலாந்தின் உழவர் தம் களஞ்சியத்தைக் காளான் வடிவான கற்றூண்கள் மீது நிறுத்தினர். தூணில் ஏறிய எலி கற்குடையின் அடிப்புறத்திற் கவிழ்ந்து நடக்கமாட்டாது திரும்பும். கப்பலைத் துறையிற் பிணிக்கும் கயிற்றில் வட்டத்தகடு மாட்டுவதும் இதே தத்துவம் பற்றியதே. 1926ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை கப்பல்களுக்கு எலியகற்றற் சான்றிதழை விதித்தது. 2007இல் அதனிடத்தைக் கப்பற் சுகாதாரச் சான்றிதழ் பெற்றது.

நிலத்திலே நிற்கும் கட்டடத்துக்கு இரண்டு அளவுகளை மனத்திற் பதித்தல் போதும். அரை அங்குல இடைவெளியில் எலி நுழையும். கால் அங்குல இடைவெளியில், அதாவது 6 மில்லிமீற்றரில், இளஞ்சுண்டெலி நுழையும். கரிக்கோலொன்று புகுமாயின் அது சுண்டெலிக்கு வாயில் என்க. எலி நின்ற இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரம் தாவும், நீந்தும், கரடுமுரடான சுவரில் ஏறும், இரு சுவர்கள் கூடும் மூலையிற் குழாயைப் பற்றி மேலேறும்.

கதவிலிருந்து தொடங்குதல் நன்று, ஏனெனில் பெரும்பாலான எலிகளும் கதவிலிருந்தே தொடங்குகின்றன. மரக்கதவின் கீழ்விளிம்பு தேய்ந்தும் படி குழிந்தும் இருப்பது பழைய கடைகளின் பொதுவியல்பு. அவ்விளிம்பிலும் நிலையின் அடியிலும் ஓரடி உயரத்துக்கு நாகந்தோய்ந்த தகடு அடித்தல் வேண்டும். தகட்டுக்கும் படிக்கும் இடையே கால் அங்குலத்துக்கு மேல் ஒளி தெரியலாகாது. இக்கால உருட்டுக்கதவுகள் பார்வைக்கு வலியன. ஆனால் அவற்றின் இரு பக்கத் தடங்களின் அடியிலும் மேலே தகடு சுருளும் பெட்டியிலும் எலி புகத்தக்க இடைவெளி உண்டு. அவ்விடங்களை இரும்புத் தகட்டாலும் இறுக்கமான தூரிகைப்பட்டையாலும் மறைத்தல் வேண்டும். றப்பர்ப்பட்டை மட்டும் போதாது. எலி அதனை ஓரிரவில் அறுத்துவிடும். இவ்வளவும் செய்தபின், வெயிலுக்கஞ்சிப் பகல் முழுவதும் பின்கதவைத் திறந்துவைக்கும் வழக்கம் நீங்காவிடின் அனைத்தும் வீணே.

நிலம் கொங்கிறீற்றாயிருத்தல் வேண்டும். வெடிப்புக்களை அவ்வப்போது அடைத்தல் வேண்டும். வளைதோண்டும் எலிக்கு எதிராகக் கட்டடத்தின் புறச்சுவரோடு ஒட்டி இரண்டடி ஆழத்துக்குக் கொங்கிறீற்றுத் தடையை இறக்கி, அதன் அடியை ஓரடி அகலம் வெளிப்புறமாக மடக்கிவிடுவர். சுவரை ஒட்டியே கீழிறங்கித் தோண்டும் இயல்பினதாகிய எலி, அம்மடிப்பை அடைந்ததும் செய்வதறியாது விட்டுவிடும். தடையைச் சுற்றிச் செல்லும் அறிவு அதற்கு வருவதில்லை. வடிகால் வாய்களுக்கு இரும்புச் சல்லடையும், காற்றுப்புழைகளுக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையும் இடவேண்டும். நீர்க்குழாயும் மின்கம்பியும் சுவரை ஊடறுக்கும் இடங்களிலே கொத்தர் இட்ட துளை பெரிது, குழாய் சிறிது. எஞ்சிய இடைவெளி எலிக்கு விடப்பட்ட மானியம். அதனுள் உருக்குக் கம்பிப்பஞ்சைத் திணித்து மேலே சீமெந்து பூசல் வேண்டும். கந்தலும் கடதாசியும் அடைப்பது எலிக்குக் கூடுகட்டப் பஞ்சு கொடுப்பதாகும்.

கூரையே நம் நாட்டிற் கடினமான பகுதி. ஓட்டுக்கூரையின் இறப்பில், ஓட்டின் வளைவுக்கும் சுவரின் தலைக்கும் இடையிலுள்ள வாய்கள் ஒவ்வொன்றும் வீட்டெலிக்குத் தனித்தனி வாயில்கள். அவற்றைச் சாந்தாலோ கம்பிவலையாலோ அடைத்தலும், கூரையைத் தொடும் மரக்கிளைகளை மூன்றடிக்கு அப்பால் வெட்டுதலும், பீலியிலிருந்து இறங்கும் குழாயில் வழுக்குத் தகடு அணிதலும் வேண்டும். யாவா தீவு இதற்குச் சான்று. 1911இல் மாலாங் பகுதியில், இறக்குமதியான அரிசியோடு பிளேக்குப் புகுந்தபோது, எலிகள் வீடுகளின் மூங்கில் வளைகளின் உட்குழலிற் கூடுகட்டி வாழ்வது கண்டறியப்பட்டது. ஒல்லாந்த ஆட்சியினர் மூங்கிலுக்கு மரமும் கீற்றுக்கு ஓடும் மாற்றிப் பல இலட்சம் வீடுகளைத் திருத்தினர். இன்று மூங்கிலை விட்டோம். ஆனால் குளிரூட்டிய கடைகளிற் பொய்க்கூரை அமைத்து, இருளும் வெப்பமும் மறைவுமுடைய ஒரு மேல்மாடியை எலிக்குக் கட்டிக்கொடுக்கின்றோம்.

உள்ளே பண்டங்களை அடுக்கும் முறையும் கட்டடத்தின் பகுதியே. மூடைகளைச் சுவரோடு ஒட்டாது 18 அங்குலம் தள்ளி, நிலத்தில் வையாது மரத்தட்டுக்களின் மீது அடுக்கல் வேண்டும். எலி திறந்தவெளியை அஞ்சும். மீசைமயிர் சுவரில் உரசியவாறே செல்லும். சுவரோர வழி வெறுமையாயிருப்பின் அதன் துணிவு குன்றும். நல்ல கிட்டங்கிகளில் அவ்வழிக்கு வெள்ளை பூசுவர். எச்சமொன்று விழினும் காலையிற் கண்ணுக்குத் தெரியும்.

இவையனைத்தும் தனித்து நிற்கும் கட்டடத்துக்குப் பொருந்தும். நம் நகரங்களின் கடைகளோ ஒரே முகட்டின் கீழ் வரிசையாக அமைந்தவை. இடைச்சுவர் பல இடங்களில் வளைவரை எழும்பியதேயில்லை. ஒருவர் தம் கடையை அடைத்தாற் கூரைவழியே அயற்கடை எலி இறங்கும். மேலும், கடை நடத்துபவர் பெரும்பாலும் வாடகைக்கிருப்பவர். பிறர் கட்டடத்திற் பணஞ்செலவிட அவருக்கு மனம் வாராது. கட்டடமுடையவரோ இழப்பு தமதன்று என்பர். 1907இல் சான் பிரான்சிஸ்கோவிற் பிளேக்கு இரண்டாம் முறை தோன்றியபோது, றூப்பேட் புளூ என்னும் மருத்துவ அதிகாரி நகரின் மரத்தளங்களைப் பெயர்த்துக் கொங்கிறீற்று இடுவித்தார். அதனை உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் அது நடந்திராது. 1914இல் நியூ ஓர்லியன்ஸ் நகரம் எலி புகாக் கட்டடங்களை வேண்டிச் சட்டமே இயற்றியது. நம் மாநகரசபைகளும் நகரசபைகளும் கட்டட வரைபடத்தை ஏற்கும்போது வாகனத் தரிப்பிடத்தை வினாவுகின்றன. இடைச்சுவர் கூரையைத் தொடுகின்றதா என்பதையும் அதே மேசையில் வினாவலாம்.

அதுகாறும் காத்திராது, வாடகைக்கிருப்பவரும் செலவின்றிச் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. வெயில் மிக்க நண்பகலிற் கதவுகளையெல்லாம் அடைத்து, விளக்கை அணைத்து, உள்ளே கால்மணி நேரம் நிற்றல் வேண்டும். கண் இருளுக்குப் பழகியதும் கதவடியிலும் இறப்பிலும் குழாயருகிலும் வெளிச்சப்பொட்டுக்கள் ஒவ்வொன்றாகத் தெரியத்தொடங்கும். அவற்றைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டு, மறுநாள் கொத்தரை அழைக்கலாம்.